ஊரைக் கேட்காதீர்கள், கூலியைக் கேளுங்கள்

சென்னை அம்பத்தூர் எஸ்டேட் எனப்படும் தொழிற்பேட்டையின் டீக்கடைகளில் கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கருத்து ஒன்று உண்டு. "எங்க பார்த்தாலும் வடக்கனுங்கதான் சார். நம்ம ஊரு நம்ம கையில இல்ல." ஞாயிற்றுக்கிழமை ஆவடி ரயில் நிலையத்துக் கூட்டத்தைப் பார்த்தும் இதே பேச்சு. பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு அடியில் தலைக்கவசத்தோடு நிற்பவர்களைப் பார்த்தும் இதே பேச்சு. திராவிடக் கட்சிக்காரர், தமிழ்த் தேசியம் பேசுபவர், இரண்டிலும் ஒட்டாத மளிகைக் கடைக்காரர் என மூவரும் வேறு எதிலும் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒத்துப்போகிறார்கள்.

இன்னொரு பேச்சும் உண்டு. அது ஷெட் எனப்படும் சிறு தொழிற்கூடங்களின் முதலாளிகளுடையது. "நம்ம பசங்க வேலைக்கே வர்றதில்ல. வந்தாலும் செல்லை நோண்டிக்கிட்டு நிப்பான். இந்திக்காரப் பையன் பன்னெண்டு மணி நேரம் நின்னு செய்வான், லீவு கேக்க மாட்டான்." முன்னது வசை, பின்னது பாராட்டு. கேட்க எதிரெதிராகத் தோன்றும். ஆனால் வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர் இயல்பிலேயே மலிவானவர் என்று இரண்டுமே நம்புகின்றன. ஒருவருக்கு அது கோபம், இன்னொருவருக்கு லாபம். நான் மறுப்பது இந்த நம்பிக்கையைத்தான். வந்தவர் மலிவாகப் பிறக்கவில்லை. இங்கே வந்தபின் மலிவாக்கப்படுகிறார். அந்த ஏற்பாட்டைத் தொடாமல் அவரை விரட்டினாலும் சரி, தட்டிக்கொடுத்தாலும் சரி, உள்ளூர்த் தொழிலாளிக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

யார் உள்ளூர் என்பதிலிருந்து தொடங்கலாம். சென்னையின் மேற்குப் புறம் ஏரிப் பாசனத்து மண். கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு ஏரிகள் இன்றைக்கும் அதற்குச் சாட்சியாகக் கிடக்கின்றன. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் டன்லப் வந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ்ஸும் பிரேக்ஸ் இந்தியாவும் வந்தன. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1960களிலேயே அரசு அமைத்த தொழிற்பேட்டை, அத்திப்பட்டு, பட்டரவாக்கம், மண்ணூர்பேட்டைப் பக்கத்து வெளிகளில் பரவியது. வேலைக்கு வந்தவர்கள் ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தார்கள். "நம்ம ஊரு" என்று இன்று உரத்துச் சொல்பவரில் பலர் அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் யாரென்று பார்த்தால், எஸ்டேட்டுக்கு முன்பே இங்கே ஏர் ஓட்டியவர்கள்தான். அவர்களிடம் அன்று யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

"அவங்கல்லாம் தென்னாட்டுக்காரங்க, இவங்க கதை வேற" என்பார்கள். சரி, ஆவடியையே எடுத்துக்கொள்வோம். டாங்கி செய்யும் ஆலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப் படைத் தளம், மத்திய ரிசர்வ் காவல் படை முகாம் என்று மத்திய அரசு நிறுவனங்கள் வரிசையாக உள்ள ஊர் அது. அறுபது ஆண்டுகளாகப் பஞ்சாபியும் வங்காளியும் உத்தரப் பிரதேசத்தாரும் அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறார்கள். பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் இந்தி படிக்கிறார்கள். அவர்களை யாரும் 'வடக்கன்' என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முகப்பேர் அடுக்ககத்தில் வீடு வாங்கிய டெல்லி மென்பொருள் பொறியாளரும் 'சார்'தான். ஒரே மாநிலம், ஒரே மொழி, சில வேளை ஒரே மாவட்டம். பவர் பிரஸ் முன்னால் நிற்பவர் மட்டும் 'வடக்கன்' ஆகிறார். ஆக, வடக்கு உறுத்துவதாகச் சொல்வது பொய். உறுத்துவது வறுமை.

இனி பெரிய குற்றச்சாட்டுக்கு வருவோம்: வேலையைப் பறிக்கிறார்கள். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

எட்டு மணி நேர வேலைக்குக் கூலி 560 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 70 ரூபாய். ஒரு எந்திரத்தை இருபத்து நாலு மணி நேரமும் ஓட்ட மூன்று ஷிஃப்ட்டுக்கு மூன்று பேர் வேண்டும். கூலி மொத்தம் 1,680 ரூபாய். அதையே பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு ஷிஃப்ட் ஆக்கினால் இரண்டு பேர் போதும். ஆனால் ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அப்படியானால் ஒருவருக்கு எட்டு மணி நேரத்துக்கு 560, மீதி நாலு மணி நேரத்துக்கு இன்னொரு 560, ஆக 1,120 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 2,240. அதாவது நியாயமான கூலியைக் கொடுத்தால் இரண்டு பேரை வைப்பதைவிட மூன்று பேரை வைப்பதே முதலாளிக்குச் சிக்கனம். தினமும் பன்னிரண்டு மணி நேரம் வாங்கச் சட்டத்தில் இடமே இல்லை என்பது வேறு.

நடப்பது என்ன? பன்னிரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து மொத்தமாக 750 ரூபாய் என்று ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியோடு பேசி முடிப்பார்கள். இரண்டு பேருக்கு 1,500. முதலாளிக்கு மூன்று பேர் கூலியைவிட 180 ரூபாய் மிச்சம். சட்டப்படி தரவேண்டியதைக் கணக்கில் எடுத்தால் மிச்சம் 740. மூன்றாவது ஆளின் வேலை காணாமல் போய்விட்டது. அந்த மூன்றாவது ஆள் அத்திப்பட்டுக்காரராக இருக்கலாம், திருநின்றவூர்க்காரராக இருக்கலாம். அவர் வேலையைப் பறித்தது பீகாரிலிருந்து வந்தவரா, இந்தக் கணக்கைப் போட்டவரா? எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. எஸ்டேட்டில் எந்த ஷெட்டின் கூலியை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள், கணக்கு இதே திசையில்தான் போகும்.

அவர் ஏன் இதற்குச் சம்மதிக்கிறார் என்று கேட்கலாம். தங்கும் அறை ஏஜென்சியுடையது. ஊரில் வாங்கிய முன்பணம் கழிய வேண்டும். ஆதார் அட்டை சில இடங்களில் மேஸ்திரி கையில். பிஎஃப் பிடிக்கிறார்கள், கட்டினார்களா என்று பார்க்க அவருக்கு வழி தெரியாது. கவுன்சிலரைத் தெரியாது, சங்கத்தைத் தெரியாது, தொழிலாளர் அலுவலகம் எந்தத் தெருவில் என்று தெரியாது. வேலையை விட்டால் அன்றிரவே படுக்க இடம் போய்விடும். உள்ளூர்ப் பையன் கோபித்துக்கொண்டு கிளம்பினால் அம்மா கையால் சோறு உண்டு. முதலாளிக்குப் பிடித்தது வந்தவரின் உழைப்பைவிட அவரால் மறுத்துப் பேச முடியாத நிலைமை. லீவு கேட்க மாட்டான் என்று மெச்சுவதன் முழுப் பொருள் அதுதான்.

சட்டம் இதை முன்பே அறிந்திருந்தது. 1979ஆம் ஆண்டு வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத்தவரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும் என்றது. உள்ளூர்த் தொழிலாளிக்கு என்ன கூலியோ அதுவே இவருக்கும் என்றது. ஊர்விட்டு வந்ததற்கு மாதக் கூலியில் பாதி அளவு இடப்பெயர்வுப் படி கொடுக்கச் சொன்னது. இதில் எவ்வளவு எஸ்டேட் ஷெட்டுகளுக்குள் நுழைந்தது என்பது எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஐந்து பேர் என்பது பத்துப் பேராக உயர்ந்தது. இடப்பெயர்வுப் படி போயே போய்விட்டது. எட்டுப் பேரை வைத்து ஓடும் சின்ன ஷெட்டுகள் நிறைந்த தொழிற்பேட்டைக்கு இதன் விளைவு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இதற்காக எந்த டீக்கடையிலும் யாரும் கொதித்ததாகத் தெரியவில்லை. கொதிப்பெல்லாம் ரயிலில் இருந்து இறங்குபவர் மீதுதான்.

நம்ம பசங்க சோம்பேறிகள், இலவசமும் டாஸ்மாக்கும் கெடுத்துவிட்டன என்ற முதலாளி வாதத்தையும் விடக்கூடாது. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் நாட்டில் 28 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். டிப்ளமோவோ பட்டமோ முடித்த பையன் நாளெல்லாம் நின்று ஹெல்ப்பர் வேலை செய்ய மறுத்தால் அதற்குப் பெயர் சோம்பல் இல்லை. அவன் பெற்றோர் எதற்காகப் படிக்கவைத்தார்களோ அது நடந்திருக்கிறது. அதோடு, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0 என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. இங்கே வேலைக்கு வரும் இளைஞர் எண்ணிக்கை இனி ஏறாது. 2020 ஊரடங்கில் வெளிமாநிலத்தவர் ஊர் திரும்பியபோது, ஆள் இல்லாமல் தொழிற்சாலைகள் திணறின. பேருந்து அனுப்பி அழைத்து வந்த கதைகளும் வந்தன. வரவே கூடாது என்பவர்கள் அந்தச் சில மாதங்களை நினைத்துப் பார்க்கட்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் பொங்கின, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன, மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் சட்டத்தில் வரவிடாமல் தடுத்த அதே பன்னிரண்டு மணி நேரம் மசோதாவுக்கு முன்பும் ஷெட்டில் இருந்தது, பின்பும் இருக்கிறது. நமக்கு ஆகாது என்று தள்ளியதை, வந்தவர் தலையில் இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிட்டோம். இப்போது அதுவே நம் வாசலுக்கு வந்து நிற்கிறது.

குற்றம் பற்றிய பேச்சு அடுத்தது. வங்கிக் கொள்ளை, வழிப்பறி, ஏடிஎம் என்று பட்டியல் வாசிப்பார்கள். வெளிமாநிலத்தார் செய்த குற்றங்கள் உண்டு; இல்லையென்று யாரும் சொல்லவில்லை. கேள்வி, ஒருவர் செய்ததை எத்தனை பேர் கணக்கில் எழுதுவது என்பதுதான். 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட வடமாநிலத்தவர் ஐவர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, வாடகைக்கு இருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு வந்தது. அன்றிலிருந்து முகத்தைப் பார்த்தே சந்தேகிக்கும் வழக்கம் ஊன்றிவிட்டது. உள்ளூர்க்காரர் கொள்ளையடித்தால் செய்தியில் அவர் பெயர் மட்டும் வரும். வெளியூர்க்காரர் செய்தால் மாநிலமே வரும்.

இந்த நியாயம் நமக்கு எதிராகத் திரும்பியபோது எப்படி இருந்தது? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பியது. தமிழ்நாடு காவல்துறை அவை பொய் என்று நிறுவி வழக்குகள் போட்டது. ஏழு கோடிப் பேரைக் கொலைகாரர்கள் என்று நாலு வீடியோவை வைத்துச் சொல்லலாமா என்று நாம் கொதித்தோம். கொதித்தது சரியே. அதே அளவுகோலை நாலு சிசிடிவி காட்சிகளை வைத்து பீகாரிகளை அளக்கும்போதும் கையில் எடுக்க வேண்டும். வெறுப்புப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். 2025 டிசம்பரில், அம்பத்தூர், ஆவடி வழியாக ஓடும் அதே திருத்தணி ரயில் பாதையில், வடமாநிலத் தொழிலாளி ஒருவரைப் பதினேழு வயதுப் பையன்கள் நால்வர் அரிவாளால் வெட்டி ரீல்ஸ் எடுத்தார்கள். அந்தப் பையன்களுக்கு வேலை போன கோபம் எதுவும் இல்லை. இவரை அடித்தால் கேட்க ஆள் வராது என்று மட்டும் தெரிந்திருந்தது. அதைப் பெரியவர்கள் பேச்சிலிருந்துதான் கற்றிருப்பார்கள்.

மொழி வாதம் மற்றவற்றைவிடக் கனமானது, தட்டிக்கழிக்கக் கூடாது. 1938இலும் 1965இலும் போராடிய ஊருக்கு இந்தி என்றதும் உடம்பு விறைப்பது இயல்பு. ஆனால் அந்தப் போராட்டங்கள் எதிர்த்தது அரசாணையை. செங்கல் சுமப்பவரை எதிர்த்து யாரும் சிறை போகவில்லை. எஸ்டேட்டில் 'இந்திக்காரன்' என்று ஒரே பெயரில் அடைக்கப்படுபவர்களின் வீட்டு மொழி ஒடியா, வங்காளம், அசாமி, சந்தாலி, மைதிலி, போஜ்புரி. 2011 மக்கள்தொகைக் கணக்கில் 5 கோடிக்கு மேற்பட்ட போஜ்புரி பேசுவோரை இந்தி என்ற தலைப்பின் கீழேதான் சேர்த்திருந்தார்கள். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் போஜ்புரிக்கு இன்னும் இடமில்லை. இந்தித் திணிப்புக்குத் தம் மொழியை முதலில் பறிகொடுத்தவர்களையே திணிப்பின் தூதர்கள் என்று நாம் விரட்டுகிறோம். டெல்லிக்கு இதைவிட வசதியான எதிர்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

தமிழுக்குப் பயம் என்றால் அதற்கு வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் பள்ளியில் தமிழைக் கட்டாயமாக்கியது. ஆவடி மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒடிசாக் குழந்தை மூன்றாம் வகுப்புக்குள் தெருவில் தமிழில் சண்டை போடும். அந்தக் குழந்தை பள்ளிக்கு வராமல் கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகையில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தமிழ் தெரியாமல் வளரும். தமிழைக் காக்க நினைப்பவர் போக வேண்டிய இடம் அந்தக் கொட்டகை.

ஓட்டு பற்றியும் இதே அச்சம்: வாக்காளர் பட்டியலில் நுழைந்து நம் அரசியலை மாற்றிவிடுவார்கள் என்கிறார்கள். வழக்கமாகக் குடியிருக்கும் ஒரே ஒரு தொகுதியில்தான் வாக்காளராக இருக்கலாம் என்பது 1950ஆம் ஆண்டுச் சட்டம். ஆறு மாதம் பட்டரவாக்கம், ஆறு மாதம் ஒரகடம் என்று சுற்றும் தொழிலாளிக்கு எங்குமே ஓட்டு ஒட்டுவதில்லை. ஓட்டு இல்லாததால் கவுன்சிலர் அவர் தெருவுக்கு வருவதில்லை. கவுன்சிலர் வராததால் தண்ணீர் லாரியும் வருவதில்லை. குடும்பத்தோடு பத்தாண்டு இங்கேயே வாழ்ந்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கவைப்பவர் வாக்காளராவதில் எனக்கு எந்த ஆபத்தும் தெரியவில்லை. மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்பவர்கள் இங்கே வேறு நாக்கில் பேச முடியாது.

நெரிசல், குப்பை, வாடகை என்ற புகார்களில் உண்மை இருக்கிறது. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், ஒரே கழிப்பறை, தெருவெல்லாம் பான் கறை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் எரிச்சல்படத்தான் செய்வார். ஆனால் அந்த அறையைத் தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டவர் யார்? எட்டு வாடகையைச் சேர்த்து வாங்கி மாடி கட்டியவர் இந்த ஊர்க்காரர். மாலையில் 'வடக்கனால் ஊர் கெட்டது' என்று பேசுபவர் கூட்டத்தில் அவரும் இருப்பார்.

வந்தவர் ஊருக்கு என்ன கொடுத்தார் என்ற கேள்விக்கு ரத்தக் கணக்கும் ஒன்று உண்டு. 2014 ஜூன் 28 அன்று போரூரை ஒட்டிய மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், நம்மூர்த் தொழிலாளர்களும் அவர்களோடு. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள், அசாம் பக்கத்தவர்கள். இடிபாடு ஆதார் அட்டை பார்ப்பதில்லை. பாதுகாப்பில்லாத தளத்தில் வெளியூர்க்காரர் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரும் சேர்ந்தே சாகிறார்.

சரி, என்னதான் செய்வது? உள்ளூர்க்காரருக்கு 75 சதவீத வேலை என்று சட்டம் போடலாம் என்பார்கள். 2021 தேர்தலில் திமுக அறிக்கையிலேயே அது இருந்தது. ஹரியானா அப்படி ஒரு சட்டம் போட்டது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தாகாமல் நின்றாலும் நிறுவனப் பதிவேட்டில் உள்ளூர்ப் பெயர், எந்திரத்தின் முன்னால் ஏஜென்சி ஆள் என்றுதான் முடியும். கதவில் ஆளை நிறுத்திப் பயனில்லை, கூலி ஒன்றாக வேண்டும்.

அதற்கு வேண்டியவை எதுவும் புதுமை இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி; ஓ.டி.க்கு இரட்டிப்பு; பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டிய ரசீது தொழிலாளியின் கைப்பேசிக்கு, அவர் மொழியில்; பத்துப் பேருக்குக் குறைந்த ஷெட்டுக்கும் பொருந்தும் மாநில விதி; எஸ்டேட் வாசலிலேயே ஒரு தொழிலாளர் அலுவலகக் கிளை, ஒடியாவும் வங்காளமும் தெரிந்த ஒருவரோடு. இதைச் செய்ய வைக்கும் பொறுப்பு சங்கங்களுடையது. 2024இல் பூந்தமல்லி தாண்டி சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அது நிரந்தரத் தொழிலாளர்களின் போராட்டம். ஒப்பந்தத் தொழிலாளியும் வெளிமாநிலத் தொழிலாளியும் உறுப்பினராகாத சங்கம் இனி இந்தப் பகுதியில் பாதிக் கையோடுதான் சண்டை போடும். மறுபாதிக் கை முதலாளியிடம் இருக்கும்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான் சோஷலிச பாணிச் சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் எப்படியோ போகட்டும், ஒரே எந்திரத்தின் முன் நிற்கும் இருவருக்கு ஒரே கூலி என்பதற்கு சோஷலிசம்கூட வேண்டாம். இருக்கிற சட்டம் நடந்தால் போதும். வந்தவரின் கூலி ஏறும் நாளில்தான் அவரை வைத்து உங்கள் பிள்ளையின் கூலியைக் குறைக்க முடியாமல் போகும், மூன்றாவது ஷிஃப்ட்டும் திரும்ப வரும். அதைக் கேட்கத் துணியாமல் ரயிலில் இறங்குபவரைப் பார்த்து மண்ணின் மைந்தர் என்று மார்தட்டுபவர், இந்த மண்ணுக்கு எதுவும் செய்யவில்லை; அந்த 740 ரூபாயை மிச்சம் பிடிப்பவருக்குச் சம்பளம் வாங்காமல் காவல் வேலை பார்க்கிறார்.